மலையோரப் புன்செய்களில் மரக்கன்றுகளும் மான்களும்

கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்று நீர் பாயும் நன்செய்களைக் காட்டிலும், மலை இறங்கி முடியும் அடிவாரப் புன்செய்களிலேயே மான்களின் தொல்லை மிகுதி. கூடலூர், கோம்பை, தேவாரம், சுருளிப்பட்டி முதலிய ஊர்களின் மலையோர நிலங்களில் தேக்கும் மலைவேம்பும் வைக்க விரும்பும் குடியானவர், நடவுச் செலவோடு காவற் செலவையும் சேர்த்தே கணக்கிடுதல் வேண்டும். மூன்று ஆண்டு வளர்த்த கன்றுகள் ஓரிரவில் பாழாவது இப்பகுதிக்குப் புதிதன்று.

முதலில் சேதம் செய்தது எது என்று அறிதல் நலம். முயல் கடித்த நுனி கத்தியால் சாய்வாக அறுத்ததுபோல் இருக்கும். மானுக்கு மேற்றாடையில் முன்பற்கள் இல்லையாதலால் அது தளிரைக் கவ்விப் பிய்க்கிறது. நுனி நார்நாராகக் கிழிந்திருக்கும். வெள்ளாட்டிற்கும் மேல் முன்பல் இல்லை. ஆகவே நுனியை மட்டும் பார்த்து ஆட்டுக்காரன்மேல் வழக்குத் தொடுப்பது சரியன்று. குளம்படியும் புழுக்கையும் மேய்ந்த உயரமும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். புள்ளிமானின் தோளுயரம் ஏறக்குறைய 3 அடி. மிளா எனப்படும் கடமானோ 4 அடிக்கும் மேற்பட்டது. பின்னங்கால்களில் எழும்பியும் தழை பறிக்கும். மேய்ச்சலைவிடக் கொடியது உரசல். கொம்பின்மேல் மூடிய மென்றோல் உரியும் பருவத்தில் ஆண்மான் இளமரத்தில் கொம்பைத் தேய்க்கும். பட்டை சுற்றிலும் உரிந்துவிட்டால் அதற்கு மேற்பட்ட பாகம் பட்டுப்போகும்.

தலைக்குருத்து போன தேக்கு சாவதில்லை. பல கிளையாகக் கவைத்து எழும். அப்படியே விட்டால் அது விறகுக்குத்தான் ஆகும். மழைக்கு முன் அடியோடு வெட்டிவிட்டு, துளிர்ப்பவற்றுள் திடமான ஒன்றை மட்டும் நிறுத்தினால் நேரான மரம் மீண்டும் கிடைக்கும். கொடைக்கானல் மலையில் நட்டு வளர்த்த பைன் முதலிய ஊசியிலை மரங்களுக்கு இவ்வித மறுவாழ்வு அரிது. பச்சை ஊசிகள் யாவும் போனால் கன்றே போயிற்று. அவை குளிர்ந்த உயரங்களுக்கு உரியவை, இப்பள்ளத்தாக்கின் வெப்பத்திற்கு ஏற்றவை அல்ல.

இங்கு நடவுக்கு உகந்தது ஐப்பசி மழைக்காலம். ஆடிக் காற்றில் இளங்கன்று நிலைகொள்வது கடினம். ஒன்றரை அடி நீள, அகல, ஆழமுள்ள குழிகளை முன்னரே எடுத்து ஆறவிட்டு, நல்ல மழை இறங்கியபின் நட வேண்டும். வேலி நடவுக்கு முன்னரே முடிந்திருத்தல் அவசியம்; மான் ஒருமுறை சுவைகண்ட இடத்திற்கு மறுபடி வரும்.

வேலியில் மிச்சம் பிடிக்கும் வழி ஒன்று உண்டு. ஓர் ஏக்கர் சதுர நிலத்தின் சுற்றளவு சுமார் 835 அடி. பத்து ஏக்கர் சதுரத்திற்கோ 2,640 அடியே. அதாவது ஏக்கருக்கு 264 அடி. அடுத்தடுத்த நிலக்காரர் பதின்மர் மனமொத்து ஒரே வேலி இட்டால் தலைக்கு மூன்றில் ஒரு பங்கு செலவுதான். வரப்புத் தகராறு இருக்கும் ஊரில் இது சொல்ல எளிது, செய்ய அரிது என்பதும் உண்மையே. கடமான் நடமாடும் இடத்தில் 8 அடி உயரமேனும் வேண்டும். கிளுவை, கள்ளி ஆகியவற்றின் உயிர்வேலி மலிவு. ஆனால் அது அடைந்து வளரும்வரை உடைமுள் அடைப்பு அதற்குத் துணையாக வேண்டும்.

வரப்போரம் நாற்பது ஐம்பது மரம் மட்டும் வைப்பவருக்கு முழுவேலி வீண். ஒவ்வொரு கன்றையும் சுற்றி ஆறடி மூங்கிற்கூடு போதும். இங்கிலாந்தில் கிரகாம் டியூலி என்பவர் 1979-இல் கன்றுக்கு ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாய் மாட்டும் முறையைக் கொண்டுவந்தார். நம் வெயிலில் காற்றோட்டமுள்ள கூடே சிறந்தது. குருத்து ஆறடி தாண்டினாலும் கூட்டை உடனே எடுத்துவிடலாகாது. தண்டு மணிக்கட்டுப் பருமன் ஆனபின்னும் கொம்பு உரசல் நேரும். அழுகிய முட்டைக் கரைசலைத் தெளித்தால் மான்கள் சிலகாலம் ஒதுங்கும். மழையில் அது கரைந்துபோவதாலும் புதுத்தளிர் அதன் மணமின்றி வருவதாலும் திரும்பத் திரும்பத் தெளிக்க வேண்டும். பழஞ்சேலை கட்டுவதும் தகரம் தட்டுவதும் சில நாளைக்கே. பின்னர் மான் பழகிவிடும்.

கண்ணி, வெடி இவற்றை நினைக்கவும் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றமாகும். மேகமலைக் காடுகளோ 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் விடுவது மானை மட்டுமன்று, நீர் பாய்ச்ச வரும் ஆளையும் கொல்லும். காப்புக்காட்டை ஒட்டிய நிலத்தில் சூரிய மின்வேலி இடுவோர் 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி வன இலாகாவின் முன்னனுமதி பெறுதல் வேண்டும்.

சேதத்திற்கு உதவி கோரும் மனு வனச்சரக அலுவலரிடம் செல்லும்போது, நட்ட மரத்தின் இனமும் எண்ணிக்கையும் அடங்கலில் ஏறியிருந்தால் தாமதம் குறையும். கிராம நிர்வாக அலுவலர்கள் பயிராய்வின்போதே இதைப் பதிவது நன்று. குருத்து கடிபட்ட கன்றுகளை மனுதாரர் பிடுங்கி எறியாமல் பார்வைக்கு விட்டுவைக்க வேண்டும். வேலியின் காட்டுப்பக்கத்தில் கழற்றக்கூடிய தட்டி ஒன்று வைத்தல் நலம். உள்ளே அகப்பட்ட மானை அவ்வழியே ஓட்டிவிடலாம். இல்லையேல் அது மிரண்டு வேலியையும் கன்றுகளையும் ஒருங்கே மிதித்துவிடும்.