இரண்டு மீட்டர் வேலி

இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள ஒரு சிறு நகரத்தில் எங்கள் மகள் குடும்பத்துடன் வசிக்கிறாள். கடந்த ஆண்டு நானும் என் மனைவியும் அங்கே நான்கு மாதங்கள் தங்கியிருந்தோம். வீட்டின் பின்புறம் ஒரு சிறு தோட்டம் உண்டு. அதன் தெற்கு எல்லையில் பக்கத்து வீட்டாருக்குச் சொந்தமான ஆறடி மரவேலி. அந்த வேலியை ஒட்டிய பாத்தியில் என் மனைவி மல்லியும் வெந்தயக்கீரையும் விதைத்திருந்தார்.

ஆகஸ்ட் மாத இறுதியில் ஒருநாள் வெளியூர் சென்று திரும்பியபோது, பழைய வேலி இருந்த இடத்தில் புதிய வேலி நின்றது. உயரம் எட்டடி, அதாவது 2.4 மீட்டர். அந்நாட்டில் செப்டம்பர் மூன்றாவது வாரத்தில் நண்பகல் சூரியன்கூட அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 40 பாகை அளவுக்கே உயர்கிறது. எட்டடி வேலியின் நிழல் அப்போது மூன்று மீட்டர் நீளத்துக்கு விழும். கீரைப் பாத்தி முழுவதும் இருளில் கிடந்தது. அதைவிடப் பெரிய இருள் வீட்டுக்குள் சூழ்ந்தது. ஆறு ஆண்டுகளாகக் காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருந்த இரு வீட்டாரும் ஒருவரையொருவர் பார்க்காதவர்கள்போல நடந்துகொள்ளத் தொடங்கினர்.

'ஒரு வார்த்தை கேட்கவில்லையே, மாமா' என்பதுதான் மருமகனின் முதல் வருத்தம். நகர மன்றத்துக்குப் புகார் எழுத முடிவு செய்து, அதை எழுதித்தரும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவன் நான். விதியைப் படிக்காமல் புகார் எழுத மனம் ஒப்பவில்லை. எனவே, முதலில் விதியைப் படித்தேன்.

இங்கிலாந்தில் எந்தக் கட்டுமானத்துக்கும் பொதுவாகத் திட்ட அனுமதி வேண்டும். ஆனால், அன்றாடச் சிறு பணிகளுக்கெல்லாம் விண்ணப்பிப்பது இயலாது என்பதால், 2015-ஆம் ஆண்டின் ஓர் அரசாணை அவற்றுக்கு முன்கூட்டியே பொது அனுமதி வழங்கியிருக்கிறது. அதன்படி, வாகனங்கள் செல்லும் சாலையை ஒட்டிய வேலியோ சுவரோ ஒரு மீட்டர் உயரம் வரை இருக்கலாம். மற்ற இடங்களில் இரண்டு மீட்டர் வரை இருக்கலாம். அதற்கு மேல் உயர்த்த விரும்பினால் திட்ட அனுமதி பெற வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டார் அனுமதி பெற்றிருக்கவில்லை. ஆக, வேலி விதியை மீறியது என்பதில் ஐயமில்லை.

ஆனால், விதி மீறப்பட்டது என்பதாலேயே வேலி இறங்கிவிடாது. அனுமதியின்றி வேலியை உயர்த்துவது அங்கே உடனடிக் குற்றம் அல்ல. நடவடிக்கை எடுப்பதா, வேண்டாமா என்பது நகர மன்றத்தின் விருப்புரிமை. பாதிப்பு சிறிது என்று கருதினால் மன்றம் விட்டுவிடலாம். கட்டிய பிறகும் அனுமதி கோரி விண்ணப்பிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. 25.4.2024-க்குப் பிறகு கட்டி முடிக்கப்பட்டவை என்றால், பத்து ஆண்டுகள் நடவடிக்கை இல்லாமல் கடந்துவிட்டால் அதன்பின் கை வைக்க முடியாது.

சரி, வெளிச்சத்துக்கு உரிமை இல்லையா என்று மகள் கேட்டாள். உண்டு, ஆனால் தோட்டத்துக்கு இல்லை. 1832-ஆம் ஆண்டுச் சட்டம், இருபது ஆண்டுகள் தடையின்றி வெளிச்சம் பெற்றுவந்த கட்டடத்தின் சன்னலுக்கே அந்த உரிமையை அளிக்கிறது. திறந்த நிலத்துக்கு அது பொருந்தாது. கண்ணுக்கினிய காட்சி மறைகிறது என்று வழக்குத் தொடுக்கவும் முடியாது. 1610-ஆம் ஆண்டின் ஆல்ட்ரெட் வழக்கிலேயே, காட்சி என்பது மகிழ்ச்சிக்குரியது மட்டுமே, உரிமை ஆகாது என்று தீர்ப்பாகிவிட்டது.

இவ்வளவையும் குறித்துக்கொண்டு, அதே அரசாணையின் மற்றொரு பகுதியைப் புரட்டியபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீட்டுத் தோட்டத்தில் அமைக்கும் மேடையின் உயரம் 30 சென்டிமீட்டருக்கு மேற்படக்கூடாது. மேற்பட்டால் திட்ட அனுமதி வேண்டும் என்று அதில் இருந்தது. முந்தைய ஆண்டு மருமகன் பின்வாசலை ஒட்டி மரத்தாலான தளம் ஒன்று அமைத்திருந்தார். மாலையில் தேநீர் அருந்துவதும், பேரனின் பிறந்த நாளுக்கு வந்த விருந்தினர்கள் நின்று பேசியதும் அங்கேதான். அளவு நாடாவை எடுத்துச்சென்று அளந்தேன். 45 சென்டிமீட்டர்.

வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். விதியை மீறிய மேடையில் நின்றுகொண்டு, விதியை மீறிய வேலியைப் பற்றிப் புகார் எழுத இருந்தோம்.

அந்த மேடையில் நின்று பார்த்தேன். ஒரு கணக்கு புலப்பட்டது. மருமகனின் கண்மட்டம் தரையிலிருந்து ஏறத்தாழ 1.62 மீட்டர். மேடையில் ஏறினால் 2.07 மீட்டர். பழைய வேலியின் உயரமோ 1.83 மீட்டர்தான். அதாவது, கடந்த ஓராண்டாக எங்கள் வீட்டார் தேநீர் அருந்த எழுந்து நின்றபோதெல்லாம் பக்கத்து வீட்டுத் தோட்டம் முழுவதும் அவர்கள் பார்வையில் இருந்திருக்கிறது. அங்கே தனியாக வசிப்பவர் எழுபது வயதைக் கடந்த, ஓய்வுபெற்ற செவிலியர்.

பொருளாதார வகுப்பில் ரொனால்டு கோஸ் எழுதிய ஒரு கட்டுரையை நான் பல ஆண்டுகள் கற்பித்திருக்கிறேன். சமூகச் செலவு என்னும் சிக்கலைப் பற்றி 1960-இல் வெளிவந்த அக்கட்டுரையில், 1879-ஆம் ஆண்டு லண்டன் வழக்கு ஒன்றை அவர் எடுத்துக்கொள்கிறார். ஒரு மிட்டாய் வியாபாரி இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உரலில் இடித்துத் தொழில் செய்துவந்தார். பக்கத்து வீட்டு மருத்துவர் தம் தோட்டத்தின் கோடியில், உரல்கள் இருந்த இடத்துக்கு அருகே, நோயாளிகளைப் பார்க்கும் அறை ஒன்றைக் கட்டினார். அதன் பிறகே ஓசை தொல்லையாயிற்று. தீர்ப்பு மருத்துவருக்குச் சாதகமானது. கோஸ் சுட்டிக்காட்டியது இதைத்தான்: தொல்லை என்பது ஒருவர் மற்றவருக்கு இழைப்பது மட்டுமன்று, இரு தரப்பும் சேர்ந்தே அது உண்டாகிறது. ஒருவருடைய தொல்லையை விலக்கினால் மற்றவருக்கு இழப்பு நேர்கிறது. பேச்சுவார்த்தைக்குச் செலவே இல்லை என்றால், உரிமை யாரிடம் இருந்தாலும் இருவரும் பேசி நல்லதொரு முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

செலவே இல்லை என்றால் என்னும் அந்த நிபந்தனையை மாணவர்களுக்கு எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். வழக்கறிஞர் கட்டணம், நேரம், தகவல் திரட்டும் செலவு என்று பட்டியலும் இடுவேன். பக்கத்து வீட்டின் கதவைத் தட்ட வேண்டிய நாளில்தான், அந்தப் பட்டியலில் தன்மானம் என்ற ஒன்றை நான் ஒருபோதும் சேர்த்ததில்லை என்பது உறைத்தது. முதலில் போய்ப் பேசுபவர் தோற்றவர் என்ற எண்ணம்தான் அண்டை வீட்டாருக்கிடையே மிகப்பெரிய செலவு.

மருமகனுக்கு விருப்பமில்லை. மகளும் நானும் சென்றோம். மேடையின் உயரத்தைப் பற்றி நாங்களே முதலில் சொன்னோம். அந்த அம்மையார் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, மாலை நேரங்களில் தோட்டத்தில் உட்கார்வதையே விட்டுவிட்டதாகவும், தலைக்கு மேலிருந்து பேச்சுக்குரல் கேட்கும்போது தம் வீட்டிலேயே தாம் அந்நியர்போல உணர்ந்ததாகவும் கூறினார். சொன்னால் தவறாக எடுத்துக்கொள்வீர்களோ என்று தயங்கி ஓராண்டு கழிந்துவிட்டது என்றார். வேலி கூடாது என்று மன்றம் சொல்லியிருந்தால் வரிசையாகச் சைப்ரஸ் மரங்கள் நட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தாராம்.

அப்படி நடந்திருந்தால் எங்கள் நிலை இன்னும் மோசமாகியிருக்கும். மரம் நடுவது கட்டுமானம் அல்ல. அதற்குத் திட்ட அனுமதி தேவையில்லை. லேலண்டி எனப்படும் வேலிமரம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வரை வளரக்கூடியது. இத்தகைய உயிர்வேலிச் சச்சரவுகள் பெருகியதால்தான் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றில் தனிப் பகுதியே சேர்க்கப்பட்டு, 2005 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்தது. பசுமை மாறா மரங்களின் வரிசை இரண்டு மீட்டருக்கு மேல் வளர்ந்து வெளிச்சத்தை மறைத்தால் மன்றத்தில் முறையிடலாம். ஆனால், முதலில் பேசித் தீர்க்க முயன்றதைக் காட்ட வேண்டும். முயலாதவரின் முறையீட்டை மன்றம் தள்ளிவிடலாம். எப்படிச் சுற்றினாலும் சட்டம் நம்மை அண்டை வீட்டு வாசலுக்கே அனுப்புகிறது.

தீர்வு அரைமணி நேரத்தில் கிடைத்தது. வேலியின் மேற்பலகைகளை நீக்கி இரண்டு மீட்டராகக் குறைப்பது. மேடையை 28 சென்டிமீட்டராகத் தாழ்த்துவது. இரண்டையும் ஒரே தச்சர் செய்தார், கூலியைப் பகிர்ந்துகொண்டார்கள். இப்போது மேடையில் நிற்கும் மருமகனின் கண்மட்டம் 1.90 மீட்டர், வேலி அதைவிட உயரம். அவருடைய தனிமை காக்கப்பட்டது. நண்பகல் நிழல் அரை மீட்டர் பின்வாங்கியது. பாத்தியின் வடக்கு ஓரத்துக்கு வெயில் திரும்பியது.

இரண்டு மீட்டர், 30 சென்டிமீட்டர் என்னும் எண்களை நான் அதிகாரிகள் மனம்போனபடி வைத்த எல்லைகள் என்றே நினைத்திருந்தேன். இரண்டையும் ஒருசேரக் கடைப்பிடித்தபோது, ஒருவருடைய தனிமையும் மற்றவருடைய வெளிச்சமும் ஓரளவுக்கு ஒத்துப்போகும் இடம் அதுவாகவே இருந்தது. நல்ல விதி அண்டை வீட்டாரைத் தண்டிப்பதற்கான கோல் அன்று. இரு தரப்பும் மதிப்புக் குறையாமல் இறங்கிவருவதற்கான படி. 'நீ சொன்னதற்காக அல்ல, விதி சொல்வதால் குறைக்கிறேன்' என்று சொல்ல முடிவது எவ்வளவு பெரிய வசதி என்பதைத் தன்மானம் உள்ள எவரும் அறிவர்.

புகாருக்கு மற்றொரு விலையும் உண்டு. இங்கிலாந்தில் வீட்டை விற்பவரிடம் வழக்கமாக நிரப்பித்தரச் சொல்லும் படிவத்தில், அண்டை வீட்டாருடன் சச்சரவோ புகாரோ உண்டா என்ற கேள்வி இருக்கிறது. உண்மையை மறைத்தால் பின்னாளில் வழக்கு வரலாம். சொன்னால் வாங்க வருபவர் தயங்குவார். ஒரு கோபத்தில் எழுதிய கடிதம் வீட்டின் விலையிலேயே ஒட்டிக்கொள்ளும்.

இது வெளிநாட்டுக் கதை என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. வெளிச்சம் குறித்த அந்த இருபது ஆண்டு விதி நம் ஊருக்கும் வந்த விதி. வழக்கறிஞர்கள் ஈஸ்மெண்ட் சட்டம் என்று குறிப்பிடும் 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் முதன்முதலில் நடைமுறைக்கு வந்த பகுதிகளில் ஒன்று சென்னை மாகாணம். அதன் 15-ஆவது பிரிவு இருபது ஆண்டுகள் தடையின்றித் துய்த்த கட்டடத்தின் வெளிச்சத்தையும் காற்றையும் காக்கிறது; 17-ஆவது பிரிவு திறந்த நிலத்துக்கு அவ்வாறு உரிமை பெற முடியாது என்கிறது. பக்கத்து வீட்டு மதில் சுவர் உயர்ந்ததால் துளசி மாடத்தில் வெயில் விழவில்லை என்று இங்கே நீதிமன்றம் செல்பவரும், என் மனைவியின் கீரைப் பாத்திக்கு நேர்ந்த அதே நிலையைத்தான் சந்திப்பார்.

எனவே, சுவரைப் பற்றிய மனத்தாங்கல் எழும்போது சிலவற்றை வரிசையாகச் செய்வது நல்லது. முதலில் பத்திரத்தையும் வரைபடத்தையும் பார்த்து, சுவர் யாருடைய மனையில் நிற்கிறது என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். அடுத்து, அளவு நாடாவை நம் வீட்டிலும் பிடித்துப் பார்க்க வேண்டும். மனையைச் சுற்றி விட வேண்டிய திறந்தவெளியைத் தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் வரையறுக்கின்றன. வெளிப்புற மாடிப்படியையும் குளியலறையையும் அந்த இடத்திலேயே கட்டிவிட்டவர்கள் நம்மில் ஏராளம். அதன்பின் நேரில் பேச வேண்டும். என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். உடன்பாடு ஏற்பட்டால் ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும்.

அதற்கும் வழியில்லை என்றால் உள்ளாட்சி அலுவலகம் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகினால், வழக்குத் தொடுக்கும் முன்பே, கட்டணமின்றி மக்கள் நீதிமன்றத்தின் மூலம் சமரசம் காணலாம். அங்கு இரு தரப்பும் ஒப்புக்கொண்ட முடிவு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்கு நிகரானது; அதன்மேல் முறையீடு கிடையாது. உரிமையியல் வழக்கு கடைசி வழியாகவே இருக்கட்டும்.

பேசினால் எல்லாம் தீரும் என்று நான் கூறவில்லை. பேசியும் இறங்கிவராதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே சட்டம் இருக்கிறது. ஆனால், பேசாமலேயே சட்டத்திடம் சென்றிருந்தால், வேலியும் குறைந்திருக்கும், மேடையும் இடிபட்டிருக்கும். இரு வீட்டாரும் எஞ்சிய காலம் முழுவதும் பகைவர்களாகவே இருந்திருப்பார்கள்.

அந்த அம்மையாரும் என் மகளும் நெருங்கிய தோழிகளாகிவிடவில்லை. நாங்கள் ஊர் திரும்பிய நாளன்று பெட்டிகளை வண்டியில் ஏற்றும்போது, அவர் வாசலில் நின்று கையசைத்தார். மருமகன் 'குட் மார்னிங்' என்றார். அவரும் சொன்னார். ஆறு ஆண்டுகள் அவர்களுக்கிடையே இருந்ததும் அவ்வளவுதான். இழக்க இருந்ததும் அதுதான்.