மேட்டில் மூச்சு வாங்குவது முதுமையினால் மட்டுமா?



பொகவந்தலாவையில் சமதரை அரிது. கடைத்தெருவுக்கோ பள்ளிவாசலுக்கோ தோட்டத்துக்கோ செல்வதாயின் ஏறியோ இறங்கியோ ஆகவேண்டும். ஆகவே ஒருவருடைய இருதயத்தின் நிலையை இங்குள்ள மேடுகள் பல வேளைகளில் வைத்தியருக்கு முன்பே காட்டிவிடுகின்றன. சென்ற வருடம் வரை நிற்காமல் ஏறிய பாட்டனார், இவ்வருடம் நடுவழியில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்குகிறார் என வைத்துக்கொள்வோம். "வயதாகிவிட்டது" என்பார்கள் வீட்டார். அவரும் அதை நம்பி ஜும்ஆவுக்கு மட்டும் வருவார். பின்னர் அதையும் விட்டு வீட்டிலேயே தொழுவார். மேடு ஏறாததால் மூச்சு வாங்குவதும் குறைந்துவிடும். நோயோ வளர்ந்துகொண்டிருக்கும்.

இருதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் வெளியேறும் வாயிலில் பெருநாடி வால்வு உள்ளது. மூன்று மெல்லிய இதழ்களைக் கொண்ட இது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,00,000 தடவை திறந்து மூடுகிறது. முதுமையில் சிலருக்கு அவ்விதழ்களுக்குள் கொழுப்புத் துகள்கள் புகுந்து அழற்சியை உண்டாக்குகின்றன. அங்குள்ள உயிரணுக்கள் எலும்பு உயிரணுக்களைப் போல் நடந்துகொள்ளத் தொடங்கி, சுண்ணாம்புச் சத்தைப் படியவைக்கின்றன. வாயில் குறுகக் குறுக, இருதயத் தசை வலிந்து உழைத்துத் தடிக்கிறது. மேட்டில் மூச்சு முட்டுதல், நெஞ்சு நோவு, உழைக்கும்போது மயங்கி விழுதல் ஆகிய மூன்றும் இதன் அடையாளங்கள். இவை தோன்றிய பின்னரும் கடுமையாகச் சுருங்கிய வால்வை மாற்றாவிடின் பெரும்பாலோர் சில ஆண்டுகளே வாழ்கின்றனர்.

"கொலஸ்திரோல் அறிக்கை நன்றாக இருக்கிறதே" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் வழமையான அறிக்கையில் இடம்பெறாத ஒரு கொழுப்புத் துகள் உண்டு. 1963ஆம் ஆண்டு நோர்வே நாட்டு அறிஞர் கோர் பேர்க் கண்டறிந்த இதனை லிப்போபுரதம் 'சிறிய ஏ' என்பர். இதன் அளவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பெற்றோரிடமிருந்து வரும் மரபணுவே. உணவுக் கட்டுப்பாட்டால் அது அதிகம் குறைவதில்லை. உலகில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இது கூடுதலாக உள்ளது. இம்மரபணுவின் ஒரு வகையைப் பெற்றவர்களுக்குப் பெருநாடி வால்வில் சுண்ணாம்பு படிவது அதிகம் என 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. டெசிலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் அது கூடுதலாகக் கருதப்படுகிறது. தகப்பனுக்கோ சகோதரருக்கோ இள வயதில் மாரடைப்பு வந்திருப்பின், வாழ்நாளில் ஒரு தடவை இதைப் பரிசோதிக்க முடியுமா என வைத்தியரிடம் கேளுங்கள். இளைஞர்களே, இது உங்களுக்கும் உரியது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். கொலஸ்திரோல் மாத்திரை வால்வையும் காக்கும் எனப் பலர் எண்ணுகின்றனர். 2008இல் வெளியான ஆய்வொன்றில், வால்வு சுருங்கிய 1,800க்கும் மேற்பட்டோரில் ஒரு பகுதியினருக்குக் கொலஸ்திரோல் மருந்துகள் கொடுக்கப்பட்டன. கெட்ட கொலஸ்திரோல் வெகுவாகக் குறைந்தது. வால்வு சுருங்குவதோ குறையவில்லை. எனினும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இருதயத்துக்கு இரத்தம் கொண்டு செல்லும் நாடிகளை அது காக்கிறது. பூண்டுச் சாறும் கஷாயமும் வால்வைச் 'சுத்தம்' செய்யும் என்று சொல்வோரை நம்பிக் காலத்தைப் போக்காதீர்கள். இறுகிய வால்வுக்குத் தீர்வு அதனை மாற்றுவதே. 2002 முதல், நெஞ்சைத் திறக்காமல் தொடையிலுள்ள இரத்தக் குழாய் வழியாகப் புதிய வால்வைப் பொருத்தும் முறையும் உலகில் நடைமுறையில் உள்ளது.

முதற்படிக்குப் பெருஞ்செலவு இல்லை. பொகவந்தலாவை வைத்தியசாலையில் ஒரு வைத்தியர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டாலே, குறுகிய வாயிலூடாக இரத்தம் பாயும் இரைச்சல் பெரும்பாலும் புலப்படும். ஐயம் ஏற்பட்டால் எக்கோ பரிசோதனைக்குப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புவார். வால்வு கடுமையாகச் சுருங்கியிருப்பவர் நோன்புக்கு முன் வைத்தியரின் ஆலோசனையைப் பெறவேண்டும். உடலில் நீர் குறைவது அவருக்கு ஆபத்தாகலாம்.

பெரியவரை அழைத்துச் செல்லும்போது பிள்ளைகளும் அறைக்குள் செல்லுங்கள். அவர் "கொஞ்சம் களைப்பு" என்று மட்டும் சொல்லி எழுந்துவிடக்கூடும். எந்த மேட்டில் நிற்கிறார், எத்தனை மாதமாக நிற்கிறார், தலை சுற்றியதுண்டா என்பவற்றை நீங்கள் சொல்லுங்கள்.