பட்டாளம் போய்த் திரும்பினால் பழைய வேலை உண்டா?

யுத்தத்துக்குப் புறப்படும் சிப்பாயை வழியனுப்ப ஊரே திரண்டு வரும். பாண்டு வாசிப்பார்கள், கொடி அசைப்பார்கள். அதே சிப்பாய் திரும்பி வந்து, "என் வேலை எங்கே?" என்று கேட்டால்? "உன் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டோமே, அப்பா!" என்று கையை விரித்துவிடுவார் முதலாளி.

இப்படி நடக்கும் என்பதை அமெரிக்கர்கள் முன்கூட்டியே யோசித்தார்கள். அவர்கள் இரண்டாவது உலக யுத்தத்தில் இறங்கியது 1941 டிசம்பரில். அதற்கு ஒரு வருஷத்துக்கு முன்பே, 1940 செப்டம்பரில், ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கட்டாய ராணுவ சேவைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். வாலிபர்களைப் பட்டாளத்துக்கு அழைத்த அந்தச் சட்டமே, திரும்பி வருகிறவர்களுக்குப் பழைய வேலையையோ, அதற்குச் சமமான வேலையையோ கொடுக்க வேண்டும் என்றும் கட்டளையிட்டது.

நகரும் படிக்கட்டு

சரி, வேலை கிடைத்தது. ஆனால் மூன்று வருஷம் போர்முனையில் இருந்தவன், பழைய சம்பளத்தில், பழைய படியிலேயே நிற்பதா? 1946-ல் சுப்ரீம் கோர்ட் இதற்கு அழகான உவமை ஒன்று சொல்லிற்று. உத்தியோகம் என்பது நகரும் படிக்கட்டு. சிப்பாய் இறங்கிப்போன பிறகும் அது நகர்ந்துகொண்டே இருக்கிறது. அவன் வேலையை விட்டுப் போகாமலே இருந்திருந்தால் எந்தப் படியில் நிற்பானோ, அந்தப் படியில்தான் திரும்ப ஏற வேண்டும்!

1994 அக்டோபரில், கிளிண்டன் ஜனாதிபதியாக இருந்தபோது, புதிய சட்டம் வந்தது. வேலையில் சேர்ப்பதிலும் பதவி உயர்விலும் பட்டாளச் சேவையைக் காரணம் காட்டிப் பாரபட்சம் செய்யக்கூடாது என்றது அது. சின்னக் கம்பெனி, பெரிய கம்பெனி என்ற வித்தியாசம் கிடையாது. ஆனால் கெடு உண்டு. 180 நாளுக்கு மேல் சேவை செய்தவர், சேவை முடிந்த 90 நாளுக்குள் பழைய முதலாளியிடம் விண்ணப்பிக்க வேண்டும். 31 முதல் 180 நாள் வரை என்றால் 14 நாள்தான் தவணை. காயமோ நோயோ ஏற்பட்டிருந்தால் 2 வருஷம் வரை அவகாசம் உண்டு.

குரங்கும் பூனையும்

பகை எப்போதும் வெளிப்படையாக வருமா? இல்லினாய்ஸில் ஓர் ஆஸ்பத்திரி ஊழியர் ரிசர்வ் படையிலும் இருந்தார். அவர் அடிக்கடி பயிற்சிக்குப் போவது மேற்பார்வையாளர்களுக்குப் பிடிக்கவில்லை. அவர்மீது குறை எழுதிவைத்தார்கள். மேலதிகாரி அந்தக் காகிதங்களைப் பார்த்து வேலையை விட்டு நீக்கிவிட்டார். "நீக்கியவருக்குப் பகை ஒன்றும் இல்லையே!" என்று வாதாடிற்று நிர்வாகம்.

நெருப்பிலுள்ள கொட்டைகளை எடுக்கக் குரங்கு பூனையை ஏவிய கதை உண்டல்லவா? கால் சுட்டது பூனைக்கு. கொட்டை தின்றது குரங்கு. பகைமை கொண்ட மேற்பார்வையாளர் தூண்ட, இன்னொருவர் கையெழுத்திட்டாலும் நிர்வாகம் பொறுப்பேற்க நேரும் என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது.

சர்க்காரே முதலாளியானால்?

லெராய் டோரஸ் என்பவர் டெக்ஸாஸ் மாகாணப் போலீஸ்காரர். 2007-ல் ஈராக் போனார். அங்கே குப்பை எரிக்கும் குழிகளின் புகை அவருடைய நுரையீரலைக் கெடுத்துவிட்டது. பழைய வேலையைச் செய்ய உடம்பில் தெம்பில்லை. தகுந்த வேறு வேலை கேட்டார். கிடைக்கவில்லை. வழக்குப் போட்டார். "மாகாண சர்க்கார்மீது இப்படி வழக்குத் தொடரவே முடியாது" என்றது டெக்ஸாஸ்.

2022 ஜூனில் சுப்ரீம் கோர்ட்டில் ஐந்து நீதிபதிகள் அவர் பக்கம். நான்கு பேர் எதிர்ப்பக்கம். ஒரே ஓட்டில் கதவு திறந்தது! வழக்கு விசாரணைக்கு வந்து, 2023-ல் ஜூரர்கள் சுமார் 25 லட்சம் டாலர் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னார்கள்.

ஈராக்கிலிருந்து திரும்பி ஏறக்குறைய 15 வருஷம்! வழியனுப்பும் போது வாசிக்கும் பாண்டு ஒரு நாளில் ஓய்ந்துவிடும். திரும்பி வந்தவனுக்குச் சோறு போடுவது அவனுடைய வேலைதான். அதைக் காப்பாற்றச் சட்டம் இருக்கிறது. ஆனால் கெடு தவறாமல், தைரியமாகக் கேட்கிறவனுக்கே அது கை கொடுக்கிறது.