மூட்டத்துக்குப் போகும் முன் பிரித்தெடுங்கள்: கருவை விறகிலும் கடையலாம் அலங்காரக் கிண்ணம்

ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களில் தரிசைத் திருத்த நினைக்கும் விவசாயிக்கு முதல் வேலை சீமைக் கருவேலத்தை வெட்டுவதுதான். பெரும்பாலும் அவரே வெட்டுவதில்லை. கரி மூட்டம் போடுபவரோ விறகு வியாபாரியோ ஆட்களோடு வந்து வெட்டி, எடை போட்டு, லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறார். நிலம் சுத்தமானால் போதும் என்று மரத்தைச் சும்மா விட்டுக்கொடுப்பவர்களும் உண்டு. சுள்ளி, கிளை, நடுமரம் எல்லாவற்றுக்கும் ஒரே டன் கணக்கு. வரப்போரத்தில் இருபது, முப்பது ஆண்டுகள் நின்று வைரம் பாய்ந்த கட்டையும் அதே எடையில், அதே விலையில் போகிறது. மூட்டத்தில் வெந்த பிறகு எடையில் நான்கில் ஒரு பங்குகூடக் கரியாக மிஞ்சுவது அரிது.

அந்த வைரக் கட்டை உலகின் நல்ல கடைசல் மரங்களில் ஒன்று. நம் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவான மெஸ்கிட் மரத்தை அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலப் பண்ணையாளர்களும் மேய்ச்சல் நிலத்தைக் கெடுக்கும் களை என்றுதான் திட்டுகிறார்கள். ஆனால் அதே ஊர்களில் அந்த மரம் தரைப்பலகையாகவும், மேசையாகவும், கடைந்த கிண்ணமாகவும் நல்ல விலைக்கு விற்கிறது. அர்ஜென்டினாவிலும் அல்காரோபோ என்ற பெயரில் இதே இன மரம் நாற்காலி, கதவு செய்யப் பயன்படுகிறது.

இந்த மரத்தை ஆதரித்து எழுதுவதாக யாரும் எண்ண வேண்டாம். 1870-களில் இந்தியாவுக்குள் வந்த மரம் இது. பூர்வீகம் மத்திய, தென் அமெரிக்கப் பகுதிகள். ஆஸ்திரேலியாவில் இருந்து வந்தது என்று கிராமங்களில் சொல்லப்படுவது சரியல்ல. இதை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017-ல் உத்தரவிட்டதும், தமிழக அரசு 2022-ல் அந்நியத் தாவரங்களுக்கான கொள்கையை வெளியிட்டதும் நியாயமானவையே. வெட்டுவதை வெட்டத்தான் வேண்டும். வெட்டியதில் எது விறகு, எது மரம் என்று பிரிப்பதைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

ஏன் இந்தக் கட்டை?

பச்சை மரம் காயும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. நீளவாக்கில் சுருக்கம் மிகக் குறைவு. மையத்தில் இருந்து பட்டையை நோக்கிய திசையில் அதைவிட அதிகம். ஆண்டு வளையத்தின் போக்கில் சுற்றிவரும் திசையில் இன்னும் அதிகம். பல மரங்களில் ஏறத்தாழ இரு மடங்கு. உருண்டைக் கட்டையின் சுற்றளவு வேகமாகச் சுருங்க, ஆரம் மெதுவாகச் சுருங்கினால் எங்காவது பிளந்தே ஆக வேண்டும். விறகுக் கட்டையின் முனையில் மையத்தில் இருந்து பட்டை வரை ஓடும் முக்கோண வெடிப்பு இப்படி வருவதுதான்.

சுற்றிவரும் திசையில் பெரும்பாலான அகன்ற இலை மரங்கள் 6 முதல் 10 சதவீதம் வரை சுருங்கும். மெஸ்கிட் மரத்தில் அது 3 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. இரு திசைச் சுருக்கங்களுக்கும் இடையிலான வித்தியாசமும் சிறியது. அதனால் கோணல் குறைவு. ஈரமும் வறட்சியும் மாறி மாறி வந்தாலும் வாய் வட்டம் பெரிதாக மாறாது. நடு வைரம் செம்பழுப்பு நிறம். வெளிச்சம் பட்டால் நாளாக ஆகக் கருக்கும். கடினத்தில் தேக்கை விட வெகு அதிகம். ஆகவே பச்சையாக இருக்கும்போதே முதல் கடைசலை முடித்துவிட வேண்டும். காய்ந்த பிறகு உளியைத் தீட்டித் தீட்டியே பொழுது போய்விடும்.

குறையும் உண்டு. வைரத்தைச் சுற்றியுள்ள மஞ்சள் கலந்த வெள்ளைப் பகுதியில் மாவுச்சத்து இருப்பதால் துளைப்பான் வண்டு விரும்பி வரும். வீட்டு விறகு அடுக்கின் அடியில் மாவு கொட்டிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள்; அதே வண்டுதான். வைரத்தை அது தொடுவதில்லை.

வெட்டிய அன்றே செய்ய வேண்டியது

கிண்ணம் நன்றாக வருமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது கடைசல்காரர் அல்ல. மரம் வெட்டிய அன்று நிலத்தில் நிற்பவர்தான். ராமநாதபுரத்துக் காற்றில், அதிலும் சித்திரை வெயிலிலும் ஆடிக் காற்றிலும், வெட்டிப் போட்ட கட்டையின் முனையில் இரண்டு மூன்று நாளில் கீறல் விழுந்துவிடும். அது உள்ளே ஓடிய பிறகு அந்தக் கட்டை விறகுக்குத்தான்.

குறுக்களவு ஆறு அங்குலத்துக்கு மேல் உள்ள நடுமரத்தை முதலில் ஒதுக்கச் சொல்லுங்கள். குத்தகைக்கு விடும்போதே, பருத்த கட்டைகளை நிலத்துக்காரர் எடுத்துக்கொள்வார் என்று பேசிக்கொள்வது நல்லது. லாரி வந்த பிறகு கேட்டால் மனக்கசப்புதான் மிஞ்சும். கிளை பிரியும் கவைப் பகுதியையும் முண்டு விழுந்த பகுதியையும் விடாதீர்கள். அங்கே நார் சுழன்று ஓடுவதால் கடைந்த பிறகு நல்ல கோலம் தெரியும். ஒரு மரத்தில் இத்தகைய கட்டை ஒன்றோ இரண்டோதான் தேறும். புதர் போலப் பல தண்டாக முளைத்த மரத்தில் ஒன்றும் தேறாது. அதை மூட்டத்துக்கே விட்டுவிடலாம்.

ஒதுக்கிய கட்டையை முடிந்தவரை நீளமாகவே வைத்துக்கொண்டு, இரு முனைகளிலும் உருக்கிய மெழுகைப் பூசுங்கள். உடைந்த மெழுகுவர்த்தித் துண்டுகளே போதும். மெழுகு இல்லையென்றால் மீந்துபோன பெயின்ட்டை இரண்டு கோட்டாக அடிக்கலாம். முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக வெளியேறும். அந்த வாசலை அடைத்தால் வெடிப்பு வெகுவாகக் குறையும். பிறகு நிழலில், மண் படாமல் அடுக்க வேண்டும்.

கடையப் போகும்போது, குறுக்களவுக்குச் சமமான நீளத்தோடு இரண்டு அங்குலம் கூட்டித் துண்டு போட்டு, நீளவாக்கில் நட்ட நடுவே பிளக்க வேண்டும். ஆப்பும் சம்மட்டியும் போதும். மோட்டார் வாள் இருந்தால் எளிது. மையம் எந்தப் பாதியிலும் தங்கக் கூடாது. இரு பக்கமும் அரை அங்குலம் சீவி எடுத்தால் மையம் போய்விடும். மையத்தோடு கடைந்த கிண்ணம் அடியில் நட்சத்திரம் போல வெடிக்கும். பிளந்த தட்டை முகம் கிண்ணத்தின் வாயாகவும், பட்டைப் பக்கம் அடியாகவும் அமையும்.

இந்த முறை சீமைக் கருவேலத்துக்கு மட்டுமல்ல. 2018 நவம்பரில் கஜா புயல் வீசியபோது டெல்டாவில் சாய்ந்த மா, பலா மரங்களில் எவ்வளவோ விறகு விலைக்குப் போயின. வேம்பு, பூவரசு, வாகை, புளி எல்லாமே கடையத் தகுந்தவை. சுருக்கம் சற்றுக் கூடுதல் என்பதால் முனை அடைப்பதில் இன்னும் கவனம் வேண்டும். எட்டி, அரளி, தில்லை மூன்றும் நஞ்சு. தொடவே வேண்டாம். சந்தனம், ஈட்டி ஆகியவற்றில் சிறு துண்டானாலும் வனத்துறையிடம் கேட்காமல் கைவைக்கக் கூடாது. கண்மாய், புறம்போக்குக் கருவையும் ஏலத்தில் போகிற பொதுச் சொத்து. ஏலம் எடுத்தவரிடம் எடைக்கு வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டு முறை கடைசல்

இதற்காக எந்திரம் வாங்கக் கிளம்ப வேண்டாம். கட்டில் கால், மாடிப்படிக் கைப்பிடித் தூண் கடையும் மரக்கடைசல் பட்டறை பக்கத்து நகரத்தில் இருக்கும். அம்பாசமுத்திரம் பக்கம் மரச் சொப்புச் சாமான் கடையும் கைவினைஞர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். கட்டில் கால் இரு முனைகளுக்கு நடுவே சுழல்வது. நார் சுழல் அச்சின் போக்கிலேயே ஓடும். கிண்ணக் கட்டை ஒரு பக்கம் மட்டும் பேஸ்பிளேட்டில் திருகப்பட்டுச் சுழல்வது. நார் குறுக்கே ஓடும். ஒரு சுற்றில் இரண்டு முறை உளி நாரின் முனையைச் சந்திக்கும். கட்டில் கால் கடையும் தட்டை உளியை இங்கே வைத்தால் கொத்திக்கொண்டு கட்டையே பறக்கலாம். குழி உளிதான் வேண்டும். வேகத்துக்குக் கடைசல்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: குறுக்களவை அங்குலத்தில் எடுத்து நிமிடச் சுற்றால் பெருக்கினால் 6,000 முதல் 9,000-க்குள் வர வேண்டும். எட்டு அங்குலக் கட்டைக்கு 750 முதல் 1,100 சுற்று. கோணலான கட்டை உருண்டையாகும் வரை அதில் பாதி போதும்.

முதலில் வெளிப்பக்கத்தைக் கடைந்து, அடியில் பிடிமானத்துக்கு ஒரு பாதம் விட்டு, திருப்பிப் போட்டு உள்ளே குடைய வேண்டும். சுவர் கனம் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு இருக்கட்டும். எட்டு அங்குலத்துக்கு முக்கால் அங்குலம். இதைவிட மெலிந்தால், கோணிய பிறகு திருத்தி எடுக்க மரம் இருக்காது. தடித்தால் உள்ளும் புறமும் வெவ்வேறு வேகத்தில் காய்ந்து வெடிக்கும்.

வெள்ளைப் பகுதியின் நிற வேறுபாட்டை அழகுக்காக விட்டுவைப்பவர்கள், இந்தக் கட்டத்தில் வண்டுக்கு மருந்து கொடுத்துவிட வேண்டும். பத்து லிட்டர் வெந்நீரில் 200 கிராம் போரிக் அமிலமும், போராக்ஸ் என்கிற வெங்காரம் 300 கிராமும் கரைத்து, ஆறிய பின் பச்சைக் கிண்ணத்தை மூன்று நாள் ஊற வையுங்கள். ஈர மரத்துக்குள் மருந்து தானாகவே பரவும். இப்படிச் செய்த கிண்ணத்தில் உண்ணும் பொருள் வைக்கக் கூடாது; நீர் விட்டுக் கழுவினால் மருந்தும் கரைந்துபோகும். சாவி, மணி, உலர்ந்த பூ வைக்கும் அலங்காரப் பொருளாகவே அதை விற்க வேண்டும், வாங்குபவரிடமும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு கிண்ணத்தின் அடியில் தேதியையும் எடையையும் எழுதி, கடைந்த சீவலோடு சேர்த்துக் காகிதப் பையிலோ சணல் சாக்கிலோ போட்டுக் காற்றோட்டமான நிழலில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் பூசணம் பிடிக்கும். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். மரத்தின் ஈரம் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் சுருக்கம் தொடங்குகிறது. ஆகவே தொடக்கத்தில் எடை மளமளவென்று குறைந்தாலும் வடிவம் அந்த அளவுக்கு மாறாது. தொடர்ந்து மூன்று வாரம் எடை அசையாமல் நின்றால் காய்ந்தது என்று பொருள். இரண்டு முதல் நான்கு மாதம் ஆகலாம். மழைக்காலத்தில் கூடும். அவசரப்பட்டு வெயிலில் வைத்து வெடித்துப்போன கிண்ணங்களே இந்த வேலையில் அதிகம்.

இரண்டாவது கடைசலில் சுவரை ஆறு, எட்டு மில்லிமீட்டருக்கு மெலிதாக்கி, 80-ல் தொடங்கி 320 எண் வரை உப்புத்தாள் போட வேண்டும். இங்கே கிளம்பும் தூசு சாதாரணமானதல்ல. மரத்தூசைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தி இருக்கிறது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்வது போதாது. தூசு வடிகட்டும் முகக்கவசமும், கடையும்போது முகம் முழுவதையும் மறைக்கும் தடுப்பும் கட்டாயம்.

மெருகுக்கு ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும் நல்ல சேர்க்கை. கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ தடவினால் முழுதாகக் காயாமல் பிசுபிசுத்து, சிக்கு வாடை அடிக்கும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்தோ தண்ணீரில் நனைத்தோதான் அப்புறப்படுத்த வேண்டும். கர்நாடகத்தின் சன்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தில் பொம்மை கடைபவர்கள், சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்தி உருகவைத்து, தாழை ஓலையால் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுகிறார்கள். கருவைக் கட்டையில் நிறமில்லாத அரக்கை அப்படி ஏற்றினால் அதன் செம்பழுப்பு அப்படியே எடுப்பாகத் தெரியும்.

கணக்கு என்ன?

ஒன்பது அங்குலக் குறுக்களவும் அதே நீளமும் உள்ள பச்சைத் துண்டு ஏறத்தாழ பத்து கிலோ. விறகு டன் 4,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அதன் விலை 40 ரூபாய். பிளந்தால் இரண்டு கிண்ணத்துக்கான கட்டை. ஆளுக்கு 20 ரூபாய். கிண்ணத்தின் விலையில் மீதி எல்லாம் உழைப்பும், நான்கு மாதக் காத்திருப்பும், விற்கும் திறமையும்தான். இணையத்தில் மரக்கிண்ணத்துக்குப் போட்டிருக்கும் விலையைப் பார்த்துக் கடன் வாங்குவது புத்திசாலித்தனம் அல்ல. கடைசல் தெரியாத விவசாயிக்கு என் யோசனை, கிண்ணத்தை விற்க நினைக்காமல் கட்டையை விற்பதுதான். முனை அடைத்து, மையம் நீக்கி, வெடிப்பில்லாமல் வைத்திருக்கும் பாதிக் கட்டையை, டன் கணக்கில் அல்லாமல் துண்டுக் கணக்கில் விலை பேசலாம். பத்துக் கட்டையைப் பட்டறைக்குக் கொண்டுபோய் இரண்டைக் கடைந்து பார்க்கச் சொல்லுங்கள். வாங்க ஆள் இல்லையென்றால் விறகாக விற்க அது எப்போதும் இருக்கிறது. நட்டம் ஒரு மெழுகுவர்த்திப் பொட்டலம்.

விரிவாக்கப் பணியாளர்கள் சுயஉதவிக் குழு ஒன்றையும் உள்ளூர்க் கடைசல்காரர் ஒருவரையும் இணைத்துவிட்டால் வேலை தானாக நகரும். கைவினைஞர் அடையாள அட்டை இருந்தால் கண்காட்சிகளில் இடம் கேட்கலாம். கலைஞர் கைவினைத் திட்டத்தில் மர வேலைப்பாடும் அடங்குவதால் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம்.

நடுமரத்தை எடுத்த கையோடு தூரைத் தோண்டி எடுக்க மறக்கக் கூடாது. விட்டுவைத்தால் அடுத்த மழைக்கு ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும், கடையத் தேறாத ஒல்லித் தண்டுகளாக. தோண்டிய வேர்க்கட்டையிலும் நல்ல சுழல் நார் இருக்கும். ஆனால் மடிப்புகளில் மண்ணும் சரளையும் சிக்கியிருக்கும். தண்ணீரைப் பீய்ச்சி, கம்பித் தூரிகையால் தேய்த்த பிறகே எந்திரத்தில் ஏற்ற வேண்டும். ஒரு சரளைக்கல் போதும், உளியின் முனை போய்விடும்.