ஒரு சுவருக்கு எத்தனை செங்கல்? கொத்தனார் எப்படிக் கணக்குப் போடுகிறார்?

40 அடி நீளம், 5 அடி உயரத்தில் காம்பவுண்டுச் சுவர். எத்தனை கல் இறக்கச் சொல்வீர்கள்?

சுவரின் பரப்பு 200 சதுர அடி. நடுவில் 4 அடி கேட் வருகிறதா? 20 சதுர அடியைக் கழித்தால் 180.

சூளைக்குச் சூளை அளவு மாறும். நம் கல் 9 இஞ்ச் நீளம், 4½ அகலம், 3 உயரம் என்று வைப்போம். நாலரை இஞ்சுச் சுவரில் வெளியே தெரிவது 9-க்கு 3 முகம்தான். அதை வைத்து வகுத்தால் 960 கல் வரும். அவ்வளவு தேவையே இல்லை!

ஏன்? பந்தியில் இலை போடுவதை நினையுங்கள். இலையின் நீளத்தை மட்டும் பார்த்தா கூடத்தில் எத்தனை பேர் உட்காரலாம் என்கிறோம்? இலைக்கு இலை விடும் இடைவெளியும் சேரும் அல்லவா? சுவரில் அந்த இடைவெளிதான் கலவை. அரை இஞ்ச் கலவை சேர்ந்தால் ஒரு கல் 9½-க்கு 3½ இடத்தைப் பிடிக்கும். இப்போது சுமார் 780 கல் போதும்.

ஆனால் இணைப்புகள் மேலும் கீழும் நேர்க்கோட்டில் வந்தால் விரிசல் சுலபமாக ஓடிவிடும். அதனால் ஒன்றுவிட்டு ஒரு வரிசையை அரைக்கல்லில் தொடங்குவார்கள். வெட்டும்போது சில நொறுங்கும். லாரியிலிருந்து கொட்டும்போது இன்னும் சில. நூற்றுக்குப் பத்து கூட்டினால் ஏறக்குறைய 860.

ஒன்பது இஞ்சுச் சுவர் என்றால் ஏறத்தாழ இரு மடங்கு. அஸ்திவாரமும் தூணும் தனிக் கணக்கு.