நிலவின் வழியில் 27 மீன்கள்

ஒரு நட்சத்திரத்தின் அருகிலிருந்து புறப்படும் நிலா, வானைச் சுற்றி மீண்டும் அதே நட்சத்திரத்தை அடைய ஏறத்தாழ 27.3 நாள் ஆகிறது. அசுவினி முதல் ரேவதி வரையான 27 நட்சத்திரங்கள் பிறந்தது இந்தக் கணக்கில்தான். நிலா ஒரு நாள் தங்கும் இடம் ஒரு நட்சத்திரம். வானவட்டத்தின் 360 பாகையை 27 ஆக வகுத்தால் ஒவ்வொன்றுக்கும் 13 பாகை 20 கலை கிடைக்கும். அதில் கால் பங்கு ஒரு பாதம். மொத்தமுள்ள 108 பாதங்கள் ஒன்பது ஒன்பதாகச் சேர்ந்து 12 ராசிகள் ஆகின்றன. இரண்டில் மூத்தது நட்சத்திரக் கணக்கே. அதர்வ வேதத்திலும் தைத்திரீய சங்கிதையிலும் நட்சத்திர வரிசை முழுதாக இருக்கிறது. மேஷம், ரிஷபம் என்னும் ராசிகளோ கிரேக்கத் தொடர்புக்குப் பிறகு இந்திய நூல்களில் இடம்பிடித்தவை.

பஞ்சாங்கத்தின் நட்சத்திரங்கள் சம அளவுள்ளவை. வானத்தின் நட்சத்திரங்கள் அப்படி வரிசைகட்டி நிற்பவை அல்ல. மிருகசீரிடத்துக்கும் திருவாதிரைக்கும் இடையே வான நெடுக்கையில் 5 பாகைதான் இடைவெளி. திருவாதிரையிலிருந்து புனர்பூசத்துக்கோ 24 பாகை. சுவாதி நிலவின் வழிக்கு வெகு வடக்கே, 30 பாகைக்கும் அப்பால் இருக்கிறது. ஆகவே ‘இன்று சுவாதி’ என்று நாட்காட்டி சொல்லும் நாளில் நிலாவைச் சுவாதியின் பக்கத்தில் தேடினால் கிடைக்காது. அந்தப் பெயருக்குரிய வான்பகுதியில் அது இருக்கும். பழைய வரிசைகளில் அபிஜித் என்ற 28ஆவது நட்சத்திரமும் உண்டு. அது இன்னும் வடக்கே ஒளிரும் வேகா. பின்னாளில் 27 என்ற எண்ணே நிலைத்தது.

நிலா உண்மையிலேயே தொட்டுச் செல்லும் நட்சத்திரங்களும் இருக்கின்றன. அவற்றுள் ரோகிணியே பிரகாசமானது. தட்சனின் 27 மகள்களை மணந்த சந்திரன் ரோகிணியிடம் மட்டும் மயங்கிக் கிடந்தான். மற்ற மகள்களின் முறையீட்டைக் கேட்ட தட்சன் அவனைத் தேய்ந்துபோகச் சபித்தான். சந்திரன் பிரபாசத்தில் சிவனை வழிபட்டு மீண்டும் வளரும் வரம் பெற்றான் என்பது புராணம். அந்தத் தலம்தான் குஜராத்தின் சோமநாதம். தேய்பிறைக்கும் வளர்பிறைக்கும் காரணம் சொல்லும் கதை இது. ஆனால் 27 பேரில் ரோகிணியைத் தேர்ந்தது வானத்தைக் கூர்ந்து பார்த்த கண் என்றே சொல்லத் தோன்றுகிறது. நிலவின் பாதை 18.6 ஆண்டுச் சுழற்சியில் மேலும் கீழுமாக ஆடுகிறது. அந்தச் சுழற்சியில் சில ஆண்டுகள், மாதம் தவறாமல் நிலா ரோகிணியை மறைக்கும். 2015 முதல் 2018 வரை அப்படி நடந்தது. பூமியின் ஏதாவது ஒரு பகுதியிலிருந்து ஒவ்வொரு மாதமும் அதைக் காண முடிந்தது.

நிலாவும் ரோகிணியும் கூடும் நாளைத் தமிழர்கள் மங்கல நாளாகக் கொண்டார்கள். அகநானூற்றின் 136ஆம் பாடலில் வரும் திருமணம், நிலா ரோகிணியைச் சேர்ந்த நாளில் நடக்கிறது. கோவலன் கண்ணகி திருமணத்துக்கும் சிலப்பதிகாரம் அதே நாளைத்தான் சொல்கிறது.

ரோகிணிக்குச் சற்று மேற்கே நெருக்கமாகத் தெரியும் சிறு கொத்து கார்த்திகை. தெளிந்த வானில் பெரும்பாலோர் கண்ணுக்கு ஆறு மீன்கள் தெரியும். முருகனுக்குப் பாலூட்டிய ஆறு தாய்மார் இவர்களே. மகாபாரதம் இதற்கு இன்னொரு முன்கதை சொல்கிறது: சப்தரிஷிகளின் மனைவியர் எழுவரில் ஆறு பேர் வீண்பழியால் கணவர்களால் விலக்கப்பட்டு வானில் கார்த்திகை ஆனார்கள், அருந்ததி ஒருத்தி மட்டும் வசிட்டரைப் பிரியவில்லை. சப்தரிஷி மண்டலத்தின் வால்பகுதியில் நடுவே இருப்பது வசிட்டர், அதையொட்டி மங்கலாகத் தெரிவது அருந்ததி. திருமணத்தில் அம்மி மிதித்தபின் காட்டப்படுவது இந்த மீன்தான். முகூர்த்தம் பகலில் அமைந்துவிடுவதால் இப்போது வெறும் வானத்தைக் காட்டுகிறார்கள். உண்மையான அருந்ததியைப் பார்க்காத தம்பதிகளே மிகுதி என்பது வருத்தத்துக்குரியது. சித்திரை, வைகாசி மாத முன்னிரவுகளில் வடக்கே பார்த்தால் எளிதில் கண்டுகொள்ளலாம்.

திருவாதிரை செந்நிறமானது, அதன் தேவதை ருத்திரன். 2019 இறுதியில் தொடங்கி 2020 பிப்ரவரி வரை இந்த மீன் வெறுங்கண்ணுக்கே தெரியுமளவு மங்கி, உலகெங்கும் வானியலாளர்களின் கவனத்தை ஈர்த்தது.

திருவிழாக்களின் அமைப்பிலும் இதே வானியல்தான். பௌர்ணமியன்று நிலா சூரியனுக்கு நேர் எதிரே நிற்கும். கார்த்திகை மாதத்தில் சூரியன் விருச்சிகத்தில் இருப்பதால் முழுநிலா எதிர்ப்புறத்தில், கார்த்திகை மீன்களின் பக்கம் வருகிறது. வைகாசி விசாகம், மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிமகம், பங்குனி உத்திரம் எல்லாமே முழுநிலாவும் ஒரு நட்சத்திரமும் கூடும் நாள்கள், அல்லது அதை ஒட்டியவை.

வேத கால வரிசை கார்த்திகையில் தொடங்கியது. பிற்கால வரிசை அசுவினியில் தொடங்குகிறது. பூமியின் அச்சு மெல்லச் சுழன்று 26,000 ஆண்டுக்கு ஒரு சுற்று முடிப்பதால், பகலும் இரவும் சமமாகும் நாளில் சூரியன் நிற்கும் இடம் நட்சத்திரங்களுக்கு இடையே ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு பாகை பின்வாங்குகிறது. சூரியன் வடக்கே திரும்பும் இடமும் கூடவே நகர்கிறது. வேதாங்க ஜோதிடம் அந்த இடத்தை அவிட்டத்தின் தொடக்கம் என்கிறது. 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர், பழைய நூல்கள் சொன்னது அந்தக் காலத்துக்குச் சரி, இப்போது திருப்பம் மகரத்தின் தொடக்கத்தில் நிகழ்கிறது என்று எழுதினார். நூலா வானமா என்ற கேள்வி எழுந்தபோது வானத்தை நம்பிய அவருடைய நேர்மை போற்றத்தக்கது. இன்று அந்தத் திருப்பம் மூலத்தில் நிகழ்கிறது. டிசம்பர் 21 அல்லது 22இல் சூரியன் வடக்கே திரும்பிவிட, உத்தராயணத்தை நாம் தைப் பொங்கல் நாளில் கொண்டாடுவது இதனால்தான்.

இந்த வேறுபாட்டின் பெயர் அயனாம்சம். இப்போது அது ஏறத்தாழ 24 பாகை. பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் இது மாறியதால், 1952இல் இயற்பியலாளர் மேகநாத் சாகா தலைமையில் இந்திய அரசு ஒரு குழு அமைத்தது. சித்திரை நட்சத்திரத்தை அடையாளமாகக் கொண்டு குழு கணக்கை ஒழுங்குபடுத்தியது. தமிழ்நாட்டில் திருக்கணிதப் பஞ்சாங்கங்கள் நவீன வானியல் கணக்கைப் பின்பற்றுகின்றன. வாக்கியப் பஞ்சாங்கங்கள் பழைய வாக்கியங்களின்படியே கணிக்கின்றன. ஒரே நட்சத்திரம் முடியும் நேரம் இரண்டிலும் வேறுபடுவது இதனால்தான்.

சோதிடம் இந்த அளவுகோலைப் பிறப்போடு இணைத்தது. பிறந்த நேரத்தில் நிலா நின்ற பகுதி ஜன்ம நட்சத்திரம். 27 நட்சத்திரங்களும் மூன்று மூன்றாக ஒன்பது கிரகங்களுக்கு உரியவை. கேதுவுக்கு 7 ஆண்டு, சுக்கிரனுக்கு 20 ஆண்டு எனத் தொடரும் தசைகளின் கூட்டுத்தொகை 120. கோயில் அர்ச்சனையிலும் திருமணப் பொருத்தத்திலும் முதலில் கேட்கப்படுவது இந்த நட்சத்திரமே. அதோடு நின்றிருந்தால் குறையில்லை. மூலத்தில் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யத்தில் பிறந்தவள் மாமியாருக்கு ஆகாது என்ற பேச்சால் எத்தனையோ பெண்களின் திருமணம் தள்ளிப்போயிருக்கிறது. மூலம் என்பது தேளின் வால்போல் வளைந்த சில தொலைதூரச் சூரியன்கள். ஒரு வீட்டு மருமகளுக்கும் மாமனாரின் ஆயுளுக்கும் முடிச்சுப்போட அவற்றில் ஒன்றுமில்லை.

சோதிடக் கணிப்பைச் சோதித்துப் பார்க்கவும் செய்திருக்கிறார்கள். வானியலாளர் ஜெயந்த் நார்லிகரும் மகாராஷ்டிராவைச் சேர்ந்த அவருடைய குழுவினரும் படிப்பில் சிறந்த 100 பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றிய 100 பிள்ளைகள் ஆகியோரின் ஜாதகங்களைக் கலந்து, ஆளுக்கு 40 வீதம் சோதிடர்களிடம் கொடுத்துப் பிரித்துத் தரச் சொன்னார்கள். 27 சோதிடர்கள் விடை அனுப்பினார்கள். 2009இல் வெளியான முடிவின்படி, அவர்கள் சரியாகச் சொன்னது சராசரியாக 46 விழுக்காடு.