வளையலை அடகு வைக்கும் முன்...

எங்கள் மாமனார் 2003-ல் ஆசையாக வாங்கிய மாருதி 800 கார்தான், மாமியாரை மாதம் ஒருமுறை முசிறியிலிருந்து திருச்சி டாக்டரிடம் அழைத்துப் போகத் துணை. திடீரென்று ஸ்டார்ட் செய்தாலே நீலப் புகை. மேடு ஏறத் திணறல். ஒர்க்‌ஷாப்பில், "இன்ஜின் போச்சு சார். பழைய இன்ஜின் ஒண்ணு மாட்டிடலாம். கூலியோட நாற்பதாயிரம்" என்றார்கள். என் கணவர் தயங்கித் தயங்கி என் வளையல்களைக் கேட்டார்.

"தர்றேங்க. அதுக்கு முன்னாடி இன்னொருத்தர் பார்க்கட்டும்" என்றேன்.

ஆற்றுக்கு அக்கரையில் குளித்தலையிலிருந்து வயதான மெக்கானிக் ஒருவர் வந்தார். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தமாம். மூன்று சிலிண்டரிலும் கேஜ் வைத்து கம்ப்ரஷன் பார்த்தார். ஒன்றில் மட்டும் குறைவு. அதில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்த்ததும் முள் ஏறியது. "ரிங் தேய்ஞ்சிருக்கும்மா. முள் ஏறலைன்னாதான் வால்வு, கேஸ்கட்டைச் சந்தேகப்படணும். இன்ஜினை மாத்தவே வேண்டாம், இருபதாயிரத்துல முடியும்" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அடுத்து டிரைவர் சீட்டருகே மேட்டைத் தூக்கி ஸ்க்ரூ டிரைவரால் குத்தினார். பொத்துக்கொண்டு கீழே மண் தெரிந்தது! அடித்தகடு முழுக்கத் துரு. டிங்கர் வேலைக்கு மட்டும் 45 ஆயிரமாம்.

அன்றிரவு பால் கணக்கு நோட்டை எடுத்தேன். ரிப்பேர் மொத்தம் 65 ஆயிரம். பெட்ரோல், இன்சூரன்ஸ் தனி. வாடகைக் கார் என்றால் ஒரு நடைக்கு 2 ஆயிரம். வருஷத்துக்கு 15 நடை, 30 ஆயிரம். எங்கள் எஃப்.சி. 2028-ல் முடிகிறது. அதுவரை இரண்டு வருஷத்துக்கு 60 ஆயிரம்தான். அதற்குப் பிறகு புதுப்பிக்கவும் செலவு. 15 வருஷம் தாண்டிய காருக்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5 ஆயிரம் ஆனது. 20 வருஷம் தாண்டியதற்கு 2025-ல் 10 ஆயிரமாக்கிவிட்டார்கள்.

நோட்டை மாமனாரிடம் நீட்டினேன். திட்டுவார் என்று பயந்தேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இன்ஜினை மாத்தலாம்மா, வண்டியையே மாத்த முடியுமா? கொடுத்துடுங்க" என்றார். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. என் கைக்கும் அப்போது வளையல் பாரமாகத்தான் இருந்தது.

பழைய வண்டியை எல்லோரும் விற்றுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். அடித்தகடு நன்றாக இருந்திருந்தால் ரிங் மாற்றி நாங்களும் ஓட்டியிருப்போம். இன்ஜின் மாற்றத்தான் வேண்டும் என்றால், பழைய இன்ஜினுக்கு பில் கேட்டு வாங்குங்கள். திருட்டு வண்டியுடையதாக இருந்தால் வம்பு. புது நம்பரை ஆர்.சி.யிலும் இன்சூரன்ஸிலும் பதிய வேண்டும். உடைக்கக் கொடுப்பதானால், ஆர்.சி.யை ரத்து செய்யாமல் காயலான் கடைக்கு அனுப்பாதீர்கள்.

புகையைப் பார்த்துப் பதறாமல், முதலில் மேட்டைத் தூக்கிப் பாருங்கள் தோழிகளே!

- ஒரு வாசகி, முசிறி.